மாதிரி வீட்டு ஜிப்பக்கா

ஜிப்பக்காவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்தப் பேருந்து நிலையத்தில் யாருமே கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஒரு மூலையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளிப் பையோ பயணப் பையோ, ஜிப் பிய்ந்துவிட்டால் அவளிடம்தான் வரவேண்டும். பையைக் கையில் வாங்கும்போதே திட்டு ஆரம்பமாகிவிடும். "இது பையா, இல்ல உங்க வீட்டு அலமாரியா? இப்படித் திணிச்சா ஜிப் என்னங்க பண்ணும், பாவம்" என்பாள். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். பிறகு மறுபடியும் பிய்த்துக்கொண்டு வருவார்கள்.

மிஷினுக்கு அடியில் அவள் மகள் குட்டி, துண்டுத் துணியை விரித்துப் படுத்திருப்பாள். ஏழு வயது. வாயில் அப்படியே அம்மாதான், அச்சு அசல். "வேணும்" என்பதுதான் அவள் அதிகம் சொன்ன சொல். ஐஸ் வண்டி மணியடித்தால் போதும், வேணும் என்று தரையில் புரண்டு ஊரைக் கூட்டிவிடுவாள். அவளுடைய அப்பா வேலை தேடி வேறு ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான். அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், "எனக்கு ஒரு வாய் மிச்சம்" என்று ஜிப்பக்கா பேச்சை வெட்டிவிடுவாள்.

கால்வாய் ஓரத்துத் தகர வீடுகளை எல்லாம் இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனபோது அவர்களும் போனார்கள். குறை சொல்லக்கூடாது, நல்ல வீடுகள்தான். கூரை ஒழுகாது, குழாயில் தண்ணீர் வரும், மழைக்காலத்தில் பாத்திரம் மிதக்காது. சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் அந்தப் பெண் அதிகாரி வந்தாள். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். கோபம் வந்தாலும் சிரிப்பாள், கொட்டாவி விட்டாலும் அதற்குள் ஒரு சிரிப்பு இருக்கும். ஜிப்பக்கா அந்த நிமிஷமே அவளுக்குச் சிரிப்பு மேடம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

சிரிப்பு மேடம் குட்டியின் கன்னத்துக் குழியைப் பார்த்தாள். அப்புறம் ஜிப்பக்காவைப் பார்த்தாள். "முதல் பிளாக்ல கீழ் வீடு ஒண்ணு மாதிரி வீடா வச்சிருக்கோம். வெளியூர்ல இருந்து, வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து பார்ப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் அங்க இருந்துக்கலாம்" என்றாள்.

"என்ன வேலை மேடம் செய்யணும்?"

"ஒண்ணும் செய்யவேண்டாம்மா. இருந்தா போதும்."

மூன்று வேளைச் சாப்பாடு தூக்கில் வந்துவிடும். ஆனால் பேருந்து நிலையத்துக்குப் போகக்கூடாது. பார்வையாளர்கள் எப்போது வருவார்கள் என்று சொல்லமுடியாதாம். ஒத்துக்கொண்டு பாதியில் விட்டால் வேறு வீடும் கிடைக்காது என்று, அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சும்மா இருப்பதற்கு வீடும் சாப்பாடுமா, யாருக்குக் கசக்கும்? ஜிப்பக்கா சரி என்று தலையாட்டினாள். மிஷினைப் படிக்கட்டுத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வந்தாள்.

அந்த வீட்டைப் பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். முன்னறையின் தெருப்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வந்தவர்கள் உள்ளே நுழையத் தேவையில்லை, வராந்தாவில் நின்றபடியே குடும்பம் நடப்பதைப் பார்க்கலாம். நாற்காலி, மேஜை எல்லாவற்றின் கால்களுக்கும் தரையில் வெள்ளைப் பெயின்ட்டால் வட்டம் போட்டிருந்தது, அதைவிட்டு ஒரு விரற்கடை நகர்த்தக்கூடாது. தட்டிலிருந்த பழங்கள் மெழுகு. அலமாரியில் புத்தகங்களின் முதுகு மட்டும்தான் இருந்தது, இழுத்தால் பலகையோடு வந்தது. புத்தம்புதுத் தையல் மிஷின் ஒன்று பளபளவென்று நின்றது. ஜிப்பக்கா ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். அதில் ஊசியைக் காணோம்.

"குழந்தை இருக்கற வீடு, பாதுகாப்பு முக்கியம் இல்லையா? சும்மா மிதிங்க, போதும்" என்றாள் சிரிப்பு மேடம்.

குடும்பம் என்றால் குடும்பத் தலைவர் வேண்டுமே. அதற்கும் ஆள் கொண்டுவந்தார்கள். மூன்றாவது பிளாக்கில் மனைவி பிள்ளைகளோடு இருந்தவர், முன்பு மூட்டை தூக்கியவர். பார்வையாளர் வரும் நேரத்தில் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் பிடிப்பது அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே பேப்பர்தான், மஞ்சளாகும் வரைக்கும். "செய்தியெல்லாம் பையன் ஒருதரம் படிச்சுச் சொன்னான்மா, எல்லாம் மனப்பாடம். எழுத்துதான் தெரியாது" என்றார். ஜிப்பக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். முதல் வாரம் கண்ணாடிக்கு வெளியே கூட்டம் நிற்கும்போது, "அண்ணே, காலை மாத்திப் போடுங்க, மரத்துப்போயிடும்" என்று சொல்லிவிட்டாள். உள்ளே பேசுவது வெளியே கேட்பதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் அது வராந்தா முழுக்கக் கேட்டது. அன்றைக்கும் சிரிப்பு மேடம் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் இராச் சாப்பாடு வரவில்லை.

வாசலில் மணி ஒருமுறை அடித்தால் அவரவர் இடத்துக்குப் போகவேண்டும். ஜிப்பக்கா மிஷினில், குட்டி படிப்பு மேஜையில், பேப்பர்காரர் நாற்காலியில். மணி இரண்டு முறை அடித்தால் எழுந்துகொள்ளலாம். கேள்விக்குப் பதில்களையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எப்படி இருக்கீங்க என்றால், ரொம்ப நல்லா இருக்கோங்க. என்ன வேணும் என்றால், எல்லாம் இருக்குங்க, ஒரு குறையும் இல்லைங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராரோ வந்தார்கள். சிலர் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் குறித்துக்கொண்டார்கள். முன்னேற்றம் என்றால் இதுதான் என்று ஒருவர் சொன்னது உள்ளே கேட்டது. ஜிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஊசியில்லாத மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. அப்புறம்தான் சின்னச் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது.

ஒருநாள் காலை ஜிப்பக்கா பின்கட்டிலிருந்து வந்தபோது குட்டி கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. கண்ணாடியில் அவள் மூச்சு பட்டு ஆவி படர்ந்திருந்தது.

"யாரைப் பார்த்துடி சிரிக்கிற?"

"வரப்போறவங்களைங்க" என்றாள் குட்டி, சிரிப்பு கலையாமல்.

பெற்ற தாயிடம் எந்தக் குழந்தை 'ங்க' போட்டுப் பேசும்? ஜிப்பக்கா அவள் முதுகில் செல்லமாக ஒன்று போட்டாள். "என்கிட்டயே நடிக்கிறியா, கழுதை" என்றாள். குட்டி திரும்பிப் போய் மேஜையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். மணி எதுவும் அடிக்கவில்லை. நெடுநேரம் கழித்துப் பார்த்தபோதும் அதே பக்கம்தான் திறந்திருந்தது.

பேப்பர்காரரிடம் இதைச் சொன்னாள். அவர் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுலயும் அதான்மா. பேப்பர் இல்லாம சும்மா உட்கார்ந்தாலும் கை ரெண்டும் தானா முன்னால வந்து நிக்குது. என் பொண்டாட்டி பார்த்துட்டுப் பயந்து போயிட்டா" என்றார். பேசும்போதே அவர் கைகள் மெல்ல மேலே எழுந்து, இல்லாத பேப்பரைப் பிடித்துக்கொண்டன. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஜிப்பக்கா கவனித்தாள்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் மணி ஒருமுறை அடித்தது. ஜிப்பக்கா தட்டில் கைகழுவிவிட்டு மிஷினுக்கு ஓடினாள். பேப்பர்காரர் ஒற்றைச் செருப்போடு மூச்சிரைக்க வந்து நாற்காலியில் விழுந்தார். குட்டி ஏற்கெனவே மேஜையில்தான் இருந்தாள். மூவரும் காத்திருந்தார்கள். வராந்தாவில் யாரும் வரவில்லை. எழுந்துகொள்ளச் சொல்லும் மணியும் அடிக்கவில்லை. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து, தரையில் நகர்ந்து, எதிர்ச் சுவரில் ஏறியது. ஜிப்பக்காவின் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன. நிறுத்தலாம் என்று நினைத்தாள், கால் நிற்கவில்லை. யாரும் பார்க்காத அறையில் மூன்று பேர் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அதே மணி மறுபடி ஒருமுறை கேட்டது. இந்த முறை தெரு முனையில். ஜிப்பக்கா எட்டிப் பார்த்தாள். ஐஸ் வண்டிக்காரர் மணியை ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அட கண்றாவியே, ஐஸ் வண்டிக்கா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம்? அண்ணே, எழுந்திருங்க. குட்டி, ஓடு, ஐஸ் வேணுமா?"

குட்டி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் குழி விழுந்தது. "எல்லாம் இருக்குங்க. ஒரு குறையும் இல்லைங்க."

ஜிப்பக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஐஸுடி. உன் ஐஸு. வேணும்னு சொல்லு."

"ரொம்ப நல்லா இருக்கோங்க" என்றாள் குட்டி. கண்கள் மட்டும் அம்மாவுக்குப் பின்னால் எங்கேயோ, யாரும் இல்லாத இடத்தில் நின்றன. அந்த உடம்புக்குள் தன் பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று ஜிப்பக்காவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தரையில் புரண்டு மானத்தை வாங்கினாளே, அந்தப் பிடாரியை ஒருதரம் திரும்பப் பார்த்தால் போதும் என்று ஏங்கினாள்.

சிரிப்பு மேடத்திடம் பேசிவிடலாம் என்று காத்திருந்தாள். மேடமே வந்தாள். "உங்க பொண்ணு எவ்வளவு அருமையா வந்திருக்கா தெரியுமா? தலைநகர்ல பெரிய கண்காட்சி வைக்கிறோம். அங்க இதைவிடப் பெரிய கண்ணாடி வீடு. குட்டி மட்டும் வந்தா போதும். அங்கயே தங்கிப் படிக்கலாம். திங்கக்கிழமை காலையில வண்டி வரும். என்னம்மா, சந்தோஷம்தானே?"

முடியாது என்று சொல்லத்தான் ஜிப்பக்கா வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்ததை அவளே உணர்ந்தாள்.

"ரொம்ப சந்தோஷமுங்க. எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்றது அவள் வாய்.

மேடம் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். ஜிப்பக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். ஊரையே விரட்டிய வாய், பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. வாசல்வரை ஓடி, போய்க்கொண்டிருந்த மேடத்தின் முதுகைப் பார்த்து 'நில்லுங்க' என்று கத்த முயன்றாள். சத்தம் வரவில்லை. உதடுகள் அகன்று பல் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், தடையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பட்டப்பகலில் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மாடிப்படிக்குக் கீழே அவள் மிஷின் தூசி படிந்து கிடந்தது. சங்கிலியை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பையை நீட்டினாள். ஜிப் இரண்டாகப் பிளந்து தொங்கியது.

"இதைச் சரி பண்ண முடியுமாக்கா?"

ஜிப்பக்கா பையைத் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

அந்தப் பெண் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வேகமாகப் போய்விட்டாள். ஜிப்பக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டுத் துணி ஒன்றை எடுத்து மிஷினில் வைத்து, கண்ணை மறைக்கும் தண்ணீரோடு மிதித்தாள். ஊசி விரலில் இறங்கியது.

"சனியனே" என்று கத்தினாள்.

மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஜிப்பக்கா விரலைச் சப்பிக்கொண்டே இன்னும் நாலு திட்டு திட்டினாள். ஊசியை, மிஷினை, கண்ணாடியை, சிரிப்பு மேடத்தை, கடைசியில் தன்னை. ஒவ்வொரு திட்டும் துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருவதுபோல இருமி இருமித்தான் வந்தது, ஆனால் வந்தது. அங்கே நின்றபடியே முடிவு செய்துவிட்டாள். வீடு போனால் போகட்டும். பக்கத்துச் சந்தில் ஒண்டுக் குடித்தனமாக ஓர் அறை பேசினாள். குழாய் பொது, ஜன்னல் கைக்குட்டை அளவுதான், ஆனால் திறக்கும். திங்கட்கிழமை வண்டி வருவதற்குள் குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடவேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததும் மூட்டை கட்டினாள். குட்டி மேஜையில் உட்கார்ந்திருந்தாள், கண்காட்சிக்காகக் கொடுத்த புது உடையில், முந்தின இரவே போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததுபோல, ஒரு கசங்கல் இல்லாமல். ஜிப்பக்கா புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"எழுந்திருடி. போகலாம். மாடிப்படிக்கே போயிடலாம், வா."

குட்டி எழுந்திருக்கவில்லை.

"உன்னைத்தான். கிளம்பு."

"வரமாட்டேன்."

குரல் கரகரத்திருந்தது, ரொம்ப நாள் பேசாத குரல். அதில் 'ங்க' இல்லை. ஜிப்பக்காவுக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருக்கிறாள், உள்ளேதான் இருக்கிறாள். அடுத்த கணமே பகீரென்றது. வாசலில் வண்டி வந்துகொண்டிருக்கும்.

"என்னடி வரமாட்டே? அந்த வண்டியில ஏறிப் போகப்போறியா?"

"அதுலயும் ஏறமாட்டேன்."

"பின்ன?"

"வரமாட்டேன்" என்று குட்டி மேஜைக் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஜிப்பக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். குட்டி விடவில்லை. மேஜை கிரீச்சிட்டு வெள்ளை வட்டத்தை விட்டு நகர்ந்தது. பிள்ளை கத்தவில்லை, அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன மணிக்கட்டில் தன் விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருப்பதை ஜிப்பக்கா பார்த்தாள். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஏழு வயதுப் பிள்ளை, எவ்வளவு கனம் இருந்துவிடப் போகிறது? தெருமுனைவரைக்கும் ஓடினால் போதும், அப்புறம் யாராலும் பிடிக்கமுடியாது.

அவள் கையை விட்டாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், குட்டியின் முகத்துக்கு நேராக.

"ஏன் கண்ணு வரமாட்டே? சொல்லு. அம்மா கேக்கறேன்."

குட்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறாளா என்று பார்க்கும் பார்வை.

"நீ என்னைக் கேக்கவே இல்லையே" என்றாள். "இங்க வரும்போதும் கேக்கல. அந்த மேடம்கிட்ட சரின்னு சொல்லும்போதும் கேக்கல. இப்பவும் கேக்கல. எல்லாரும் என்னைத் தூக்கி வைக்கறீங்க."

ஜிப்பக்காவிடம் திருப்பிச் சொல்ல எத்தனையோ இருந்தது. உன் நல்லதுக்குத்தானே என்பது முதலில் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அது சிரிப்பு மேடத்தின் குரலிலேயே தன் காதில் ஒலித்ததைக் கேட்டு நிறுத்திக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்புதான்" என்றாள். "இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

குட்டி வாயைத் திறந்தாள். கன்னத்தில் குழி விழப் பார்த்தது, உதடு தானாக அகலப் பார்த்தது. ஜிப்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குட்டி கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள், உள்ளேயிருந்து வரும் எதையோ திரும்ப விழுங்குவதுபோல. நெற்றி வியர்த்தது. கையை எடுத்தபோது சிரிப்பு இல்லை.

"தெரியல" என்றாள். "யோசிக்கணும்."

"யோசி."

"சீக்கிரம் சொல்லுன்னு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

வெளியே வண்டி வந்து நின்றது. வராந்தாவில் ஆட்கள் நிழலாடினார்கள், நாலைந்து முகங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தன. குட்டி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. மேஜைக்கு அடியில் நகர்ந்து, முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பு மேடம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நகர்ந்த மேஜையையும், தரையில் கிடந்த மூட்டையையும், அடியில் இருந்த பிள்ளையையும் பார்த்தாள். முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. அந்த முகம் எப்படி இருக்கும் என்று ஜிப்பக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள், சாதாரண முகம்தான்.

"என்னம்மா இது? நேரமாச்சு, எல்லாரும் காத்திருக்காங்க. குழந்தை ரெடியா?"

ஜிப்பக்கா எழுந்திருக்கவில்லை.

"அவ யோசிச்சுட்டிருக்கா மேடம்" என்றாள். "கொஞ்சம் வெளியில நில்லுங்க."